கோவிந்தாபுரம் சாவடியில் ஒரு நாள் வயது

லாரியிலேயே குட்டி போட்டிருக்கிறது ஒன்று.
பொள்ளாச்சிச் சந்தைச் சீட்டில் நாற்பத்திரண்டு உருப்படி,
என் எண்ணிக்கையில் நாற்பத்து மூன்று.
“மேடம், இதக் கணக்குல கூட்டண்டாம்,
நேத்து ராத்திரிதான் வந்துச்சு” என்று
தொப்புள்கொடி காயாததைத்
தூக்கிக் காட்டுகிறான் சைனுதீன்.

உண்ணி மருந்தில் ஆடு முக்கும் தொட்டி
சாவடிக்குப் பின்னால் இருக்கிறது. இடுப்பாழம்.
மருந்து வராமல் வற்றி எட்டு மாதம்.
யாரும் விழுந்துவிடக் கூடாதென்று
மூடிப்போன பேக்கரியின் தடித்த கண்ணாடியை
அதன்மேல் போட்டு வைத்தார் வேலப்பன்.
மரப்பலகை கேட்டு எழுதிய கடிதம்
பாலக்காட்டில் இருக்கிறது.

தாய் அந்தப் பக்கம் நின்று கத்துகிறது.
குட்டி இந்தப் பக்கமிருந்து ஓடுகிறது,
நாலு காலும் நாலு யோசனையாக.
கண்ணாடியின் விளிம்பில்
நின்றுவிடுகிறது.

ஒரு காலை வைத்துப் பார்த்திருக்கலாம். வைக்கவில்லை.
பால் அந்தப் பக்கம்.
குழி எதையும் அது இதற்குமுன் கண்டதில்லை,
விழுந்ததில்லை, அடிபட்டதில்லை.
கண்டதெல்லாம் ஒரு தார்ப்பாய்,
நாற்பத்திரண்டு வயிறுகளின் அடிப்பக்கம்.

போன மாதம் வாத்து லாரி வந்தபோது
கூடையிலிருந்து நழுவிய குஞ்சு
இதே கண்ணாடியை நடந்தே கடந்தது.
நடுவில் நின்று கீழே வேறு பார்த்தது.
அதற்கு ஆழம் என்றால் வீடு.

வேலப்பனின் தேங்காய்மட்டைக் கொட்டகையில்
அடைத்த இருட்டில் பிறந்த பூனைக்குட்டிகள்
ஒன்றரை மாதம் கழித்து வெளியே வந்தன.
சுவர்மேல் விட்டால்
சுவர் முடிந்த பிறகும் நடந்தன.
கொஞ்ச நாள் வெயிலில் கிடந்த பின்
அவையேதான் ஓட்டுமேல் பல்லி பிடித்தன.

பிறப்பா, பழக்கமா என்று
வேலைக்கான பயிற்சித் தேர்வில் ஒரு கேள்வி. இரண்டு மார்க்.
பழக்கம் என்று எழுதினேன்.
வேறென்ன எழுதுவேன்?

என் இடக்கண்ணில் பிறக்கும்போதே புரை.
கோயம்புத்தூரில் எடுத்தபோது வயது ஒன்பது.
கட்டை அவிழ்த்ததும் வெளிச்சம் வந்தது, நிறம் வந்தது,
ஆழம் வரவில்லை.
வரவேண்டிய வயதில் வந்து கதவைத் தட்டிவிட்டுத்
திரும்பிப் போயிருந்தது.
டாக்டர் இதை இவ்வளவு நயமாகச் சொல்லவில்லை.
முதலமடை வீட்டு ஜன்னலில் தென்மலை
ஒட்டிவைத்த நீலக் காகிதம்.
டம்ளருக்கு வெளியே காப்பி ஊற்றி ஊற்றி
டம்ளர் எங்கே இருக்கிறதென்று கற்றேன்.
படியில் இறங்கும்முன் தலையை
இடமும் வலமும் ஆட்டுவேன்:
கிட்டத்தில் இருப்பது அதிகம் நகரும்,
எட்டத்தில் இருப்பது கொஞ்சம்.
பஸ் ஏறும்முன்னும் அப்படித்தான்.
வரவில்லை என்கிறேனாக்கும் என்று
கண்டக்டர்கள் விசில் ஊதிவிடுவார்கள்.

இப்போது
ஈரக் காதுகளோடு விளிம்பில் நின்று
தலையை ஆட்டுகிறது குட்டி.
இடம். வலம்.
கொஞ்சம் மேலே, கீழே.

எனக்கும் அதை யாரும் சொல்லித் தரவில்லை.
டாக்டர் இல்லை, அம்மா இல்லை.
முப்பத்து நாலு வயதில்
ஒரு தொட்டியோரம் நின்று யோசிக்கிறேன்,
அந்த இரண்டு மார்க்கை எதற்குக் கொடுத்தார்கள்?

சுற்றிக்கொண்டு போயிருக்கலாம்.
குட்டியை அள்ளிக்கொண்டு கண்ணாடிமேலேயே நடந்தேன்.
என் கண்ணுக்கு அது பூப்போட்ட தரை.
“ஐயோ சாரே!” என்றார் வேலப்பன்.
கண்ணாடி ஒரு தரம் முனகியது.
என் உள்ளங்கையில் அந்தச் சின்ன நெஞ்சு
படபடவென்று அடித்து அடித்துச் சொன்னது,
கீழே எவ்வளவு இருக்கிறதென்று.

இறக்கிவிட்டதும் அது பாலுக்குப் போய்விட்டது.
சீட்டில் நாற்பத்து மூன்று என்று திருத்தினேன்.
மூன்று மட்டும்
நடுங்கியிருந்தது.